தண்ணீர் காணாமல் போகும் மருந்து

14 ஜூன் 1955, செவ்வாய்

முதலாளி திரவியம் பிள்ளை ஒரு நிரபராதியைத் திருடன் ஆக்கிவிட்டார். இன்று காலை, லாரி ஷெட்டின் முற்றத்தில், எல்லோர் முன்னாலும்.

நடந்தது இது. தேங்காயும் கயிறும் ஏற்றிக்கொண்டு வள்ளியூருக்குப் போன டீசல் லாரி பாறசாலை தாண்டி நின்றுவிட்டது. டிரைவர் தாணுலிங்கம் இறங்கி, பம்புக்குக் கீழே இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்திருக்கிறான். பாதிக்கு மேல் தண்ணீர். அதை ஒரு சீசாவில் பிடித்துக்கொண்டு வந்து முதலாளியின் மேஜைமேல் வைத்தான். அவன் மறைக்கவில்லை. அவனே கொண்டுவந்து வைத்தான்.

முதலாளி சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முற்றத்துக்கு வந்தார். "ஆயில வழியில வித்துப்போட்டு தண்ணிய ஊத்தியிருக்கான், கள்ளப்பய!" என்றார்.

"மொதலாளி, நான் வித்தா இத எதுக்குக் கொண்டாந்து காட்டுகேன்?"

"பிடிபடுவோம்னு பயந்து காட்டுகே."

அவ்வளவுதான் விசாரணை. வேலை போயிற்று. லைசென்ஸ் புத்தகம் முதலாளியின் பெட்டியில் இருக்கிறது. எல்லா டிரைவர்களுடையதும் அங்கேதான். வேலைக்குச் சேரும் அன்றே வாங்கிப் பூட்டிவிடுவார். சாலைக் கம்போளம் கடைவீதியில் எல்லா லாரி முதலாளிகளும் இப்படித்தான். புத்தகத்தைத் தரவில்லை.

டீசல் திருடும் டிரைவர் மண்ணெண்ணெய் ஊற்றிச் சரிக்கட்டுவான். தண்ணீர் ஊற்றமாட்டான். நடுவழியில் நிற்கப்போவது அவன் வண்டிதான். இது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். நானும் அங்கே நின்றேன், அளவுக்குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு.

15 ஜூன்

தாணுலிங்கத்தின் லாரியைக் கோலப்பனுக்குக் கொடுத்தார்கள். ஆரியசாலை முழுக்கப் பெயர் பரவிவிட்டது. டீசல் கள்ளன்.

16 ஜூன்

சாப்பிடும்போது அக்காவிடம் சொன்னேன். அக்கா பெயர் ஜெயலக்ஷ்மி. பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் கூட்டிக் கழித்துத்தான் பார்ப்பாள்.

"நாகு, உனக்குச் சம்பளம் யார் தர்றா? தாணுலிங்கமா?"

"அது இல்லை விஷயம்."

"அதுதான் விஷயம். ரசாயனம் படிச்சுட்டு ஒரு வருஷம் இந்த ஸ்ரீவராகம் தெருவை அளந்துண்டு இருந்தே. அப்பா கோயில் ஆபீஸ்ல பார்த்தவாகிட்ட எல்லாம் சொல்லி வாங்கின வேலை. நீ பாட்டுக்கு அங்கே போய் வக்கீல் ஆயிடாதே."

ஷெட்டில் எனக்கு ஸ்டோர் வேலை. டயர், கிரீஸ், டீசல் பீப்பாய் எல்லாம் என் பொறுப்பு. என்னைச் 'சாமி' என்று கூப்பிடுகிறார்கள். அந்த மரியாதை பட்டத்துக்கு இல்லை, பூணூலுக்கு. தாணுலிங்கம் இந்தத் தெற்கு ரோட்டில் பத்து வருஷம் வண்டி ஓட்டியவன். அவனை "லே" என்று கூப்பிடுகிறார்கள். இதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

20 ஜூன், திங்கள்

இன்று ஒரு புதுப் பீப்பாயைத் திறந்தேன். மூடிமேல் ஈய முத்திரை உடையாமல் இருந்தது. கண்ணாடிக் குழாயை அடிவரை இறக்கி, மேல்முனையை விரலால் அடைத்துத் தூக்கினேன். குழாயின் அடியில் தண்ணீர். கைவிரல் நீளத்துக்கு.

முத்திரை வைத்த பீப்பாய்க்குள்ளே தண்ணீர்.

கைப்பம்பின் குழாய் பீப்பாயின் அடிவரை போகிறது. அதாவது அடியில் இருப்பதுதான் முதலில் லாரிக்குப் போகும்.

மெக்கானிக் நெல்லையப்பனைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு குழாயைப் பார்த்தார்.

"முத்திரை உடையாம உள்ள பூந்து ஆயில வித்திருக்கான் பாத்தேரா. தாணுலிங்கம் மனுஷன் இல்ல சாமி, பேயாக்கும்."

"விளையாடாதீர். முதலாளியிடம் சொல்லலாம் வாரும்."

"நான் என்னத்துக்கு? நமக்கு நட்டு முறுக்குக வேல. தண்ணி எங்கிருந்து வருகுன்னு கண்டுபிடியும். அதுக்குத்தானே பி.எஸ்ஸி."

எண்ணெய்க் கம்பெனி அனுப்பும்போதே வந்ததா? அல்லது மழையா? மழை என்றால் கொஞ்சம் வரலாம். இவ்வளவு?

24 ஜூன், வெள்ளி

கண்டுபிடித்தேன் என்று நினைக்கிறேன். இது இத்தனை நாள் என் கண் முன்னாலேயே நடந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷெட்டில் பூஜை. செய்பவர் சிவகாமியம்மாள், முதலாளியின் மூத்த சகோதரி, விதவை. கம்பெனிப் பத்திரத்தில் கையெழுத்து தம்பியுடையது, போட்ட முதல் அக்காவுடையது. முன்பு ஒருமுறை ஆரல்வாய்மொழிக் கணவாயில் லாரி கவிழ்ந்தும் யாரும் சாகவில்லை. அன்றிலிருந்து அம்மாளுக்கு ஒரு நேர்ச்சை, அம்மனுக்கு வேண்டிக்கொண்டது. வெள்ளிதோறும் கிணற்றுத் தண்ணீரில் மஞ்சள் கரைத்து, வேப்பிலை போட்டு, ஒவ்வொரு டீசல் பீப்பாயின் தலையிலும் ஊற்றவேண்டும். ஊற்றிய தண்ணீரைத் துடைக்கக் கூடாது. தானாகக் காயவேண்டும். பிறகு எல்லோருக்கும் சுண்டல்.

பீப்பாய்கள் மேற்குச் சுவர் ஓரம் நிமிர்ந்து நிற்கின்றன. பீப்பாயின் தலை விளிம்பு உயர்ந்த தட்டுப்போல இருக்கும். மூடி அந்தத் தட்டுக்குள் இருக்கிறது. ஊற்றிய தண்ணீர் வழியாமல் மூடியைச் சுற்றித் தேங்கி நிற்கும்.

இன்று மழை விட்டு மத்தியானம் முழுக்க வெயில். தகரம் கையை வைக்க முடியாத சூடு. உள்ளே இருக்கும் காற்று சூட்டில் விரிந்து மூடியின் திருகுமரை வழியாகக் கொஞ்சம் வெளியே போயிருக்கும். சாயங்காலம் மேலே குளிர்ந்த தண்ணீர் விழுந்ததும் உள்ளே மிச்சமிருந்த காற்று சுருங்குகிறது. சுருங்கினால் வெளியே இருப்பதை உறிஞ்சும். வெளியே மூடியைச் சுற்றி இருப்பது தண்ணீர். நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். தேங்கிய மஞ்சள் தண்ணீரின் மட்டம் மெதுவாக இறங்கியது. காயவில்லை, உள்ளே போயிற்று.

கல்லூரியில் இதைப் பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கியவன் நான். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இதே பூஜையில் சுண்டல் தின்றுகொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. பூஜை முடியும்வரை தாணுலிங்கம் பீப்பாய்களுக்குப் பக்கத்தில் வரக்கூடாது என்று ஒரு வழக்கம் இருந்தது. வாசல் கேட்டருகே நிற்பான். சுண்டலை அங்கே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பத்மநாபசுவாமி கோயிலுக்குள் போக அவன் ஜாதிக்கு உரிமை வந்து இருபது வருஷம் ஆகப்போகிறது. டீசல் பீப்பாய்க்குப் பக்கத்தில் போக இன்னும் வரவில்லை.

25 ஜூன்

சோதித்தேன். தாணுலிங்கம் கொண்டுவந்த சீசா முதலாளியின் அலமாரியில் சாட்சியாக இருக்கிறது. அவர் வங்கிக்குப் போயிருந்த நேரம் எடுத்தேன். அடியில் இருந்த தண்ணீரில் கொஞ்சம் ஒரு வெள்ளைப் பீங்கானில் விட்டேன். லேசான மஞ்சள். நெல்லையப்பனின் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பு வாங்கி ஒரு துளி தொட்டேன்.

சிவந்தது. ஆலத்தித் தண்ணீரின் சிவப்பு.

மழைத்தண்ணீர் சிவக்காது. தாணுலிங்கம் வழியில் ஏதோ ஓடையில் மொண்டு ஊற்றியிருந்தாலும் சிவக்காது.

நெல்லையப்பன் பீங்கானைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு, "மணமகனும் மணமகளும் எங்கே சாமி?" என்றார். சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் சிரித்தோம்.

27 ஜூன், திங்கள்

முதலாளியிடம் காட்டினேன். சுண்ணாம்பு, பீங்கான், சிவப்பு, எல்லாம். முட்டாள் அல்ல அவர். நான் பேசி முடிப்பதற்குள் புரிந்துகொண்டார். எழுந்து கதவைச் சாத்தினார்.

"சாமி, இத வேற யாருட்ட சொன்னீரு?"

"நெல்லையப்பனுக்குத் தெரியும்."

"அக்காகிட்ட இத ஆரு சொல்லுகது? 'ஒன் நேர்ச்சைத் தண்ணியிலதான் வண்டி நின்னு போச்சு'ன்னு? நீரா? நானா?"

"நீங்கள் சொல்லலாம்."

"சொன்னா முதலத் திரும்பக் கேப்பா. அல்லது அழுவா. ரெண்டும் எனக்குத் தாங்காது."

"தாணுலிங்கம்?"

அவர் பேனாவை மூடினார், திறந்தார். "முற்றத்துல வச்சு ஒரு வார்த்தை சொல்லியாச்சு. நாளைக்கு அத மாத்திச் சொன்னா, நாளன்னைக்கு எவன் எனக்குப் பயப்படுவான்? அவன் எங்கயாவது பொழச்சுக்கிடுவான். வண்டி ஓட்டத் தெரியும்லா."

"லைசென்ஸ் உங்கள் பெட்டியில் இருக்கிறது."

"அது இருக்கட்டு."

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சிநேகமாகக் கேட்டார்: "இந்தத் தண்ணிக்கு மருந்து கிருந்து இல்லியா வே? வெள்ளக்காரன் எல்லாத்துக்கும் மருந்து வச்சிருப்பானே."

பீப்பாயைப் படுக்க வைத்து, கூரைக்கு அடியில் போட்டால் போதும் என்றேன். மூடி டீசலுக்குள் மூழ்கியிருந்தால் காற்றும் போகாது, தண்ணீரும் போகாது. மருந்தே வேண்டாம்.

"படுக்க வச்சா அக்கா எங்க ஊத்துவா?"

இவரிடம் ரசாயனம் பேசிப் பயனில்லை. இவருக்குத் தெரியாமல் இல்லை.

4 ஜூலை

மருந்து வந்துவிட்டது. சேஷன் என்று ஒரு மதராஸ் ஏஜென்ட். கழுத்துப்பட்டை, தோல்பை, வியர்வை. மேஜைமேல் ஒரு கண்ணாடி ஜாடியில் டீசல் ஊற்றினார். அதில் ஒரு ஸ்பூன் தண்ணீர். தண்ணீர் அடியில் உருண்டு கிடந்தது. பழுப்புச் சீசாவிலிருந்து சில சொட்டு விட்டுக் குலுக்கினார். பால்போல வெளுத்தது. கொஞ்ச நேரத்தில் வெளுப்பு மங்கி, ஜாடி முழுதும் ஒரே நிறமாகிவிட்டது. அடியில் ஒன்றும் இல்லை.

முதலாளி ஜாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "தண்ணி எங்கவே?"

"காணாமப் போயிடுத்து ஸார்!"

கோலப்பனை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். "இதுல ஸ்பிரிட்டு உண்டா மொதலாளி?" என்றான் கோலப்பன். "உண்டுன்னா டிரம்முக்கு எத்தன சொட்டு, உனக்கு எத்தன சொட்டுன்னு கேக்கப்போற" என்று நெல்லையப்பன் வாசலில் நின்று சொன்னார்.

சேஷனை பஸ் நிறுத்தம்வரை கொண்டுவிட என்னை அனுப்பினார்கள். வழியில் கேட்டேன், தண்ணீர் உண்மையில் எங்கே போயிற்று என்று. மனிதர் பொய் சொல்லவில்லை.

"எங்கேயும் போகலை. அதுக்குள்ளேயேதான் இருக்கு. சோப்பு எண்ணெய்ப் பிசுக்கையும் தண்ணியையும் ஒண்ணாப் பிடிச்சு வைக்கிறதோல்லியோ, அதே வேலை. தண்ணியைக் கண்ணுக்குத் தெரியாத பொடிச் சொட்டா உடைச்சு, திரும்ப ஒண்ணு சேராமப் பார்த்துக்கும்."

"அப்படியே இன்ஜினுக்குப் போகுமா?"

"போகும். டாங்கிலே ராத்திரி வேர்த்துப் படியற ஈரத்துக்கு இது போதும், ஒண்ணும் ஆகாது. டிரம்மிலே படிக்கணக்கிலே இறங்கற தண்ணிக்கு இது மருந்தில்லை. அதுக்கு இன்னொரு ஜாதி இருக்கு." பையைத் திறந்து நிறமில்லாத ஒரு சீசாவைக் காட்டினார். "இது நேர் எதிர். கலந்திருக்கிற பொடிச் சொட்டை எல்லாம் ஒண்ணு சேர்த்துக் கனமாக்கி அடியிலே இறக்கிடும். அப்புறம் கீழே திறந்துவிட்டுத் தண்ணியைக் கொட்டிடலாம். வேலை ஜாஸ்தி, ஆனா நியாயமான வேலை."

"இதை ஏன் நீங்கள் முதலாளிக்குக் காட்டவில்லை?"

"முதல் வருஷம் இதைத்தான் காட்டிண்டிருந்தேன். ஜாடி அடியிலே தண்ணியைப் பார்த்தா முதலாளிகளுக்குக் கோபம் வர்றது. ஒருத்தர்கூட வாங்கலை, சார்."

அந்தச் சீசாவை எனக்குச் சாம்பிளாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

5 ஜூலை

பீப்பாய்க்கு ஒரு மூடி மருந்து. ஊற்றுவது நான். உத்தரவு.

8 ஜூலை, வெள்ளி

பூஜை நடந்தது. பீப்பாய்த் தலையில் மஞ்சள் தண்ணீர், உள்ளே மருந்து. சுண்டல் வேண்டாம் என்றேன். "சாமிக்கு வயிறு சரியில்லியா?" என்று சிவகாமியம்மாள் அக்கறையாகக் கேட்டார். அந்த அக்கறை உண்மையானது. அதுதான் எரிச்சல்.

13 ஜூலை

சாலைக் கம்போளத்தில் தாணுலிங்கத்தைப் பார்த்தேன். வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். ஸ்டியரிங் பிடித்த கை. டீக்கடை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய், தெரிந்ததை எல்லாம் சொன்னேன். மஞ்சள், சுண்ணாம்பு, மருந்து.

அவன் ஆத்திரப்படுவான் என்று எதிர்பார்த்தேன். டீயை ஊதிக்கொண்டே கேட்டான்.

"அப்போ மொதலாளிக்குத் தெரியும்."

"தெரியும்."

"நான் கள்ளன் இல்லேன்னு தெரிஞ்சிட்டுதான் இருக்காரு."

"ஆமாம்."

"சாமி, நான் நாலு ஷெட்டுல போய்க் கேட்டாச்சு. லைசென்ஸ் எங்கலேங்கான். பெட்டியில இருக்குங்கேன். ஏன் இருக்குங்கான். சொன்னா சிரிக்கான். பொன்னம்மைய கெணத்தடியில வச்சு ஒருத்தி கேக்கா, 'உங்க வீட்டு வெளக்கு டீசல்லயா எரியுது'ன்னு."

பொன்னம்மை அவன் மனைவி.

"எனக்கு அவரு வேல வேண்டாம். அந்த முற்றத்துல வச்சு கள்ளன்னு சொன்னாரு. அந்த முற்றத்துல வச்சு இல்லேன்னு சொல்லட்டு. அத்தனபேரும் நிக்கும்போ. அது போதும்."

டீக்குக் காசை அவனே கொடுத்தான். என்னைக் கொடுக்கவிடவில்லை.

3 ஆகஸ்ட்

கோலப்பனின் லாரி குழித்துறையில் நின்றது. இன்ஜின் ஒரு பக்கம் தட்டுகிறது, கரும்புகை. கட்டி இழுத்து வந்தார்கள். நெல்லையப்பன் இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் நாசிலைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நாசிலின் மூக்கு இல்லை. ஒடிந்து விழுந்திருக்கிறது.

டீசலோடு போன பொடிச் சொட்டுத் தண்ணீர் அந்தச் சூட்டில் ஒரு நொடியில் ஆவியாகியிருக்கும். ஆவி விரிய இடம் வேண்டும். மூக்கை உடைத்துக்கொண்டு இடம் எடுத்துக்கொண்டது. முன்பு தண்ணீர் மொத்தமாக வந்தது, கண்ணாடிக் கிண்ணத்தில் தங்கியது, வண்டி நின்றது, கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது கிண்ணம் சுத்தமாக இருக்கிறது.

22 ஆகஸ்ட்

இன்னொரு லாரியிலும் அதே. பம்பின் உள்ளே கோடு கோடாகத் தேய்ந்திருக்கிறது. எண்ணெய்ப் பசை போய்த் தண்ணீர் ஓடின இடம்.

முதலாளி முற்றத்துக்கு வந்தார். அதே இடம். பயமாக இருந்தது — அடுத்தது யார் என்று.

"டீசல்ல தண்ணி இல்லேன்னு ஆயாச்சு. பின்னே நாசில் எப்படிவே போகும்? நெல்லையப்பா, உம்ம கை சரியில்ல. பழைய கை ஆயிட்டு."

நெல்லையப்பன் துணியில் கையைத் துடைத்தார். முதலாளி போனபிறகுதான் பேசினார்.

"தண்ணி இருந்தப்போ தாணுலிங்கம். தண்ணி இல்லாதப்போ நானு. நாளைக்கு டீசலே இல்லாம ஓட்டினா சாமிதான் கள்ளன்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அக்காவிடம் சொன்னேன். "முதல் தடவையே நான் பேசியிருக்கணும்" என்றேன். "பேசியிருந்தா என்ன ஆகியிருக்கும்? உனக்கு வேலை போயிருக்கும், அவனுக்கும் வந்திருக்காது" என்றாள். கணக்குச் சரிதான். ஏன் சரியாக இருக்கிறது? யார் போட்ட கணக்கு இது? நான் கத்திவிட்டேன் போலிருக்கிறது. அப்பா ஜபத்தை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

2 செப்டம்பர், வெள்ளி

சிவகாமியம்மாளிடம் சொல்லிவிட்டேன்.

பூஜைக்கு முன்பே போனேன். ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்து மஞ்சள் இடித்துக்கொண்டிருந்தார். பீங்கானைக் கீழே வைத்தேன். தாணுலிங்கத்தின் சீசாவிலிருந்து தண்ணீர் விட்டேன். சுண்ணாம்பைத் தொட்டேன். சிவந்தது. எங்கிருந்து எடுத்தது, எப்படி உள்ளே போகிறது என்று சொன்னேன். நீட்டவில்லை.

அவர் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். டீசல் நாற்றம். விரலை முந்தானையில் துடைத்தார்.

"இது எந்த டிரம்முல உள்ளது?"

"எல்லாவற்றிலும் இருக்கிறது. இது தாணுலிங்கம் அன்றைக்குக் கொண்டுவந்தது."

"உனக்கு எப்போ தெரியும்?"

"ஜூனில்."

"தெரவியத்துக்கு?"

"அதே வாரம்."

இடிகல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ, தெரியாம ஊத்திக்கிட்டிருந்தது நான் மட்டுந்தான்" என்றார்.

அழவில்லை, முதலைத் திருப்பியும் கேட்கவில்லை. தம்பிக்கு அக்காவைத் தெரியவில்லை. "அம்மன் மண்ணுல ஊத்தினாலும் ஏத்துக்கிடுவா. டிரம்மைப் படுக்கப் போடச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு" என்றார்.

"தாணுலிங்கம் விஷயம்?"

அங்கே குரல் மாறியது. "அது தம்பி சொன்ன சொல்லு. ஆம்பிள வாயில வந்தத நான் எடுத்து மாத்தினா, பொறவு அவன் என்ன முதலாளி? அத அவன்தான் பாக்கணும்."

என்னால் அம்மனின் விதியை மாற்ற முடிந்தது. முதலாளியின் வார்த்தையை முடியவில்லை.

6 செப்டம்பர்

பீப்பாய்கள் எல்லாம் கூரைக்கு அடியில் படுத்துவிட்டன. முதலாளி மேற்பார்வை செய்தார். "முந்தியே இப்படிப் போட்டிருக்கணும், ஒருத்தனுக்கும் புத்தியில்ல" என்றார்.

பழுப்புச் சீசா மருந்து நிறுத்தம்.

14 செப்டம்பர்

மருந்து கலந்த டீசல் சில பீப்பாய் மிச்சம் இருக்கிறது. அதைக் காப்பாற்ற, சேஷன் கொடுத்த நிறமில்லாத சீசாவைச் சில நாள் முன்பே எடுத்தேன். முதலில் ஜாடியில் சோதனை. ஊற்றி அசைக்காமல் வைத்தேன். காலையில் ஊற்றியதற்குச் சாயங்காலம் அடியில் மெல்லிய தண்ணீர்க் கோடு. மறுநாள் அது கொஞ்சம் தடித்தது. அதற்குமேல் இறங்கவில்லை. முதல் மருந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டாவது மருந்து இழுக்கிறது. ஜாடியின் மேல்பாதி தெளிவு, நடுவே இன்னும் கலங்கல்.

மறைக்க ஒரு குலுக்கல் போதுமாயிருந்தது. வெளியே எடுக்க நாட்கள் ஆகின்றன, அதுவும் முழுக்க வரவில்லை. பீப்பாய்களிலும் இதே கதை. இறங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் துணியில் வடித்து எடுத்தோம். நடுக்கலங்கலை முதலாளி வண்டியில் ஊற்றச் சொன்னார். நெல்லையப்பன் அதைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, வண்டியில் ஊற்றியாயிற்று என்றார். நானும் ஆமாம் என்றேன்.

30 செப்டம்பர்

நாசில் ஒடியவில்லை. வண்டி நிற்கவில்லை. நெல்லையப்பனின் கை மறுபடியும் நல்ல கை ஆகிவிட்டது.

12 அக்டோபர்

எல்லைக் கமிஷன் அறிக்கை வந்துவிட்டது. ஷெட்டில் இதே பேச்சு. நாஞ்சில்நாடு மதராஸுக்குப் போகிறது, தமிழனுக்கு நீதி கிடைத்தது என்று முதலாளி எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். தமிழனுக்கு நீதி. எந்தத் தமிழனுக்கு? லட்டை வாங்கிக்கொண்டேன். கேள்வியை எழுதி வைக்கிறேன்.

19 அக்டோபர்

சிவகாமியம்மாள் லைசென்ஸ் புத்தகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, நெல்லையப்பனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். கூட ஒரு வார்த்தையும் இல்லை. தாணுலிங்கம் வாங்கிக்கொண்டான். மறுபடியும் ஷெட்டுகளில் போய்க் கேட்டிருக்கிறான். புத்தகத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் திரவியம் பிள்ளையிடம் ஆள் அனுப்பி விசாரிக்கிறார்கள். முதலாளி இப்போது பொய்கூடச் சொல்வதில்லையாம். "அது பழைய காரியம், விடும்" என்கிறாராம்.

அது போதும். யாரும் வேலை தரவில்லை.

28 அக்டோபர், வெள்ளி

ஆயுத பூஜைக்குப் பிறகு முதல் வெள்ளி. லாரிகளில் பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று வாடித் தொங்குகிறது. சிவகாமியம்மாள் இப்போது குடத்துத் தண்ணீரை முற்றத்தின் ஓரத்தில் செம்பருத்தி அடியில் ஊற்றுகிறார். பீப்பாய்களுக்குப் பூ மட்டும். சுண்டல் வாழையிலைத் துண்டில் கைமாறிக்கொண்டிருந்தது. முதலாளி, நெல்லையப்பன், கோலப்பன், சுமைக்காரர்கள், நான்.

தாணுலிங்கம் கேட்டருகே வந்து நின்றான். வெள்ளிக்கிழமைகளில் அவன் நிற்கும் இடம். பழக்கத்தில் யாரோ ஒரு இலையில் சுண்டல் எடுத்துக்கொண்டு அவனை நோக்கிப் போனார்கள். அவன் வாங்கவில்லை. கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். முற்றத்தைத் தாண்டி, கூரைக்கு அடியில் வந்து, படுத்துக்கிடந்த முதல் பீப்பாயின்மேல் கையை வைத்தான். பூ கீழே விழுந்தது.

யாரும் தடுக்கவில்லை. தடுக்க யாருக்கும் தோன்றவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

"மொதலாளி, என்னைக் கள்ளன்னு சொன்னது இந்த முற்றத்துல வச்சு. இவங்க அத்தனபேரும் நின்னாங்க. இன்னைக்கும் நிக்காங்க. இல்லேன்னு சொல்லுங்க."

முதலாளி இலையைப் பார்த்தார். கோலப்பன் மெல்லுவதை நிறுத்தினான். நெல்லையப்பன் என்னைப் பார்த்தார், நான் நெல்லையப்பனைப் பார்த்தேன். எல்லோருக்கும் தெரிந்த ஒரு வரி. யார் சொன்னாலும் சொன்னதாகாது. ஒருவர் சொன்னால்தான் ஆகும்.

நான் என் இலையைத் தரையில் வைத்தேன். போய் அவன் பக்கத்தில் நின்றேன். நான் செய்தது அவ்வளவுதான். பெரிதாக எழுத ஒன்றும் இல்லை.

சிவகாமியம்மாளின் குடத்தில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. அவர் குடத்தை நிமிர்த்தாமல் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி வாயைத் திறந்தார். எல்லோரும் பார்த்தோம். ஒரு கடலைத்தோலை நாக்கு நுனியிலிருந்து எடுத்து எறிந்துவிட்டு, மூடிக்கொண்டார்.

தாணுலிங்கம் கையைப் பீப்பாயிலிருந்து எடுக்கவில்லை.

"சொல்லுங்க மொதலாளி."